மிளகாய் நெடிக்குத் தும்மினால் மூக்கு சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை: டெல்டா டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். மூளையில் ஊறும் ரசாயனங்கள் நம் மோப்பத்தை எப்படிக் கூட்டிக் குறைக்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. பட்டம் வந்தாலும் ஊசி போடத் தெரியாத டாக்டராகத்தான் இருப்பேன், அதனால் உங்கள் தொழிலைச் சொல்லித்தர வரவில்லை. சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம். எழுத வைத்தது என் தாத்தாவின் மூக்கு.

அவர் ஒரு கை நெல்லை அள்ளி, உள்ளங்கையில் கசக்கி, ஊதிவிட்டு முகர்ந்து பார்ப்பார். ‘களத்துல ஒரு ராத்திரி நனைஞ்சிருக்கு’ என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அப்படிப்பட்டவர் ஒருநாள் ‘காபியில வாசனையே இல்ல’ என்று டம்ளரைத் தள்ளிவைத்தார். சிக்கரியைக் கூட்டிவிட்டான் என்று அப்பாயி பொடிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். அப்புறம் ஊசிப்போன சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு தாத்தா பேசாமல் எழுந்து போனபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

முதல் கிளினிக்கில் சளி என்றார்கள், சொட்டு மருந்து. இரண்டாவதில் வயசு. மூன்றாவதில், மிளகாய் தாளித்தால் தும்முகிறாரா என்று கேட்டார்கள். தும்முகிறார் என்றோம். அப்போ மூக்கு நல்லாத்தான் இருக்கு என்று அனுப்பிவிட்டார்கள்.

இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். வாசனை வேறு, நெடி வேறு என்று நம் பாஷையிலேயே இருக்கிறது. மிளகாய் நெடி, அமோனியா நெடி, கற்பூரத்தின் சிலிர்ப்பு எல்லாம் முக்கியமாக முகத்தின் தொடு உணர்வைக் கொண்டுபோகும் முப்பெருநரம்பு வழியாகப் போகின்றன. மோப்ப நரம்பு முழுக்கப் படுத்துவிட்டாலும் மனிதர் தும்முவார்.

நான்கு வருடம் கழித்துத் தாத்தாவின் வலது கை விரல்கள் மாத்திரை உருட்டுவது போலத் தானாக உருள ஆரம்பித்தன. பரணில் இருந்த அவருடைய வரவு செலவு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். வருடத்துக்கு வருடம் எழுத்து சிறுத்துக்கொண்டே வந்து, கடைசி நோட்டில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம். வாசனை போனது அதன் முன்னறிகுறி.

பார்க்கின்சன் என்றாலே டோபமின் என்கிற மூளை ரசாயனம் குறைவு என்று எல்லோருக்கும் தெரியும். மூக்கு விஷயம் மட்டும் அந்தக் கணக்கில் அடங்க மாட்டேன் என்கிறது. மூக்கிலிருந்து சேதி முதலில் வந்து சேரும் இடம் முகர்குமிழ். அங்கே டோபமின் செய்கிற வேலை, வரும் சேதியை அடக்கி வாசிக்க வைப்பது. ஆற்றில் தண்ணீர் வந்தாலும் மதகு எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவுதானே வயலுக்கு! இந்த நோயாளிகளின் முகர்குமிழில் டோபமின் சுரக்கும் செல்கள் சாதாரண ஆட்களைவிட இரண்டு மடங்கு இருப்பதாக 2004-ல் ஒரு நெதர்லாந்துக் குழு எழுதியது. அதுதான் காரணமா என்பதில் இன்னும் சண்டை ஓடுகிறது. அசிட்டைல்கோலின், நார் அட்ரினலின் என்கிற வேறு மூளை ரசாயனங்களின் குறைவையும் சொல்கிறார்கள். எப்படியோ, கை கால் அசைவுக்கு உதவுகிற லெவோடோபா மாத்திரை வாசனையைத் திருப்பித் தருவதில்லை.

ஆய்வகத்தில் நாங்கள் செய்வது எளிய சோதனைதான். முந்தின நாள் ராத்திரி எலியைப் பட்டினி போட்டு, காலையில் உமிக்கு அடியில் ஒரு துண்டு பிஸ்கட்டைப் புதைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்போம். நல்ல எலி மூக்கைத் துறுதுறுவென்று ஆட்டிக்கொண்டு நேராகப் போய்த் தோண்டும். மோப்பம் கெட்டது அதே பிஸ்கட்டின் மேலேயே நடந்து போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சாம்பார் ஞாபகம்தான்.

வாசனை போன எல்லோருக்கும் பார்க்கின்சன் வராது. சளி, சைனஸ், கொரோனா, வெறும் வயசு, இவைதான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். முன்கூட்டித் தெரிந்தாலும் நோயை நிறுத்த இன்னும் மருந்து இல்லை. அப்புறம் எதற்கு என்று என் ஆய்வு நெறியாளரே கேட்டார். சரி, நிறுத்த முடியாது. ஆனால் கேஸ் கசிந்தால் தெரியாத மனிதர் வீட்டில் தனியாக இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்திருக்கும். நடை தளர்ந்தபோது சோம்பேறித்தனம் என்று அப்பா அவரைத் திட்டியிருக்க மாட்டார்.

கேட்பது இவ்வளவுதான். சளியே இல்லாமல், இரண்டு மூன்று மாதமாக வாசனை தெரியவில்லை என்று ஒரு பெரியவர் வந்தால், மலச்சிக்கல் உண்டா, தூக்கத்தில் கத்துகிறாரா, கை காலை உதறுகிறாரா என்று கூட வந்தவரிடம் கேளுங்கள். நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் நரம்பியல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

வாசனைச் சோதனைக்கு அமெரிக்காவில் சுரண்டி முகரும் அட்டைப் புத்தகம் இருக்கிறது, 40 வாசனை. அதில் ரூட் பீர் என்கிற அமெரிக்கக் குளிர்பானம் ஒன்று. எங்கள் தாத்தா அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! மேஜை இழுப்பறையில் மூன்று சின்ன டப்பா வைத்தால் முதல் பார்வைக்குப் போதும்: காபிப் பொடி, ஏலக்காய், பெருங்காயம். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக நீட்டுங்கள். கற்பூரம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் பக்கத்து ஆய்வு மாணவி