திருகாணியையும் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்குகிறவர் திருகாணியைத் திருகிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. கம்ப்யூட்டரின் பாகங்களையெல்லாம் இணைக்கும் பலகையான பத்தாயிரம் ரூபாய் மதர்போர்டை மட்டும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் தூக்கிக்கொண்டு போகிறோம். வீட்டுக்குப் போன பிறகுதான் 'ஸ்குரூ இல்லை, கேபிள் இல்லை' என்று கடைக்குப் போன் வரும். ஏற்காட்டுக்காரர் என்றால் ஒரு திருகுக்காக 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி ஏற வேண்டும்.

கடைக்காரர்தான் எடுத்துக்கொண்டார் என்று உடனே பழி போடவும் முடியாது. பிராசசர்தான் கம்ப்யூட்டரின் மூளை. இப்போது வரும் இன்டெல் 'கே' ரக (மாடல் பெயரில் கே எழுத்து உள்ள) பிராசசர்களுக்குக் கம்பெனியே அதைக் குளிர்விக்கும் ஃபேன் தருவதில்லை. 'ட்ரே' பிராசசர், அதாவது தட்டில் மொத்தமாக வருவது, பெட்டியும் ஃபேனும் இல்லாமலே வரும். தனிப் பெட்டியில் வரும் பாக்ஸ் பிராசசருக்குள்ள 3 ஆண்டு கம்பெனி வாரண்டியை அதில் எதிர்பார்க்க முடியாது, விற்றவர் தருவதுதான். தகவல் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யின் பெட்டியில் சாட்டா கேபிளும் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைப்பது) எம்.2 திருகும் (போர்டிலேயே செருகும் சிறு பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.யான எம்.2-வைப் பிடிப்பது) பெரும்பாலும் இருக்காது. அவை மதர்போர்டோடு வருபவை.

ஆகவே மதர்போர்டு பெட்டியைக் கடையிலேயே பிரித்து, கையேட்டில் உள்ள பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். போர்டைத் தாங்கும் அட்டையைத் தூக்கினால் அடியில்தான் எல்லாம் கிடக்கும்: சாட்டா கேபிள் (வழக்கமாக 2), எம்.2 திருகு, ஐ.ஓ. ஷீல்டு (கேபினட்டின் பின்பக்க ஓட்டையை மூடும் தகடு), வைஃபை போர்டானால் ஆன்டெனா. திருகுப் பாக்கெட் கட்டைவிரல் நகத்தளவுதான். அட்டையோடு குப்பைக்குப் போவதும் அதுதான். சில போர்டுகளில் திருகுக்குப் பதில் பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். ஷீல்டு போர்டுக்குப் போர்டு மாறும், தனியாகக் கிடைப்பது அரிது. அது இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் அந்த ஓட்டை வழியே பல்லி குடிபுகும்.

எம்.2 திருகு தொலைந்தால் லேப்டாப் பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் எம்2 அளவு (2 மி.மீ. தடிமன்), 3 மி.மீ. நீளம். செலோடேப் ஒட்டி ஒப்பேற்ற வேண்டாம். சூட்டில் பசை இளகி எஸ்.எஸ்.டி. மேலே எழும்பிக்கொள்ளும், கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிடும். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு '6-32' என்ற அளவு மரைத் திருகு, 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.க்கு எம்3. மாற்றி முடுக்கினால் மரை போய்விடும்.

இவையெல்லாம் சில்லறைச் சங்கடம். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி எஸ்.எம்.பி.எஸ். அதில் கேபிள்களைக் கழற்றி மாட்டும் 'மாடுலர்' ரகத்தில் கேபிள் குறைந்தால்தான் ஆபத்து. டிஸ்க்கில் செருகும் முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகும் முனை அப்படியல்ல, ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். பொருந்துகிறதே என்று வேறு கேபிளைச் செருகினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து டிஸ்க் கருகிவிடும். அதே மாடலுக்கான கேபிளைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குவதே வழி.

ஆன்லைனில் வாங்குவோர் சீலை உடைப்பதிலிருந்து வெட்டாமல் வீடியோ எடுத்து வையுங்கள். மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பில் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

நம்மூர்க் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிராசசர் பாக்ஸா, ட்ரேயா என்று பில்லில் எழுதுங்கள். ஒருமுறை பிரித்துத் திரும்பி வந்த பெட்டியென்றால் அதையும் எழுதி, விலையையும் குறையுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்போர் சிலர்,
சேலம்.