குளம் எப்போது வந்தது?

அன்புள்ள நண்பா,

கண் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. சுகம்தான். புதுக் கண்ணோடு நான் முதலில் உட்கார்ந்து பார்த்தது நீ அனுப்பிய இரண்டு பழைய டோப்போ ஷீட்டுகளை, அதாவது மேடு பள்ளம், நீர்நிலை, சாலை எல்லாம் குறித்த நில வரைபடத் தாள்களைத்தான். வீட்டில் திட்டு விழுந்தது, அது வேறு கதை.

முதல் ஷீட்டில் குளம் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது, ஆகவே அந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் வெட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. நிலத்தை அளந்த ஆண்டு ஒன்று, அச்சடித்த ஆண்டு வேறொன்று. பழைய அளவையையே வைத்துக்கொண்டு, சாலைகளை மட்டும் திருத்தி மறுபடி அச்சிடுவதும் உண்டு. அமெரிக்க ஷீட்டுகளில் விமானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துச் சேர்த்த மாற்றங்களை ஊதா நிறத்தில் போட்டார்கள். நேரில் போய்ச் சரிபார்க்கவில்லை என்றும் ஓரத்தில் குறித்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

வயல் வரப்புகளைக் காணோமே என்று கேட்டாய். மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360 அளவில், தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். ஐம்பது மீட்டர் அகல வயல் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. சாலையை அரை மில்லிமீட்டர் கோடாக இழுத்தாலே அது 32 மீட்டர் அகலம். அதனால் சாலையைப் பருமனாகப் போட்டு, பக்கத்து வீட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுவார்கள். அந்தக் கோட்டை வைத்து எல்லைச் சண்டைக்குப் போய்விடாதே!

நீ கவனிக்காத ஒன்று சொல்கிறேன். முதல் ஷீட்டின் வடக்கே புல் கொத்து மாதிரி நீலக் குறிகள் இருக்கின்றன, பார்த்தாயா? அது சதுப்பு நிலம். இரண்டாவதில் அந்தக் குறிகள் இல்லை. அதே இடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல மெல்லிய நீலக் கோடு ஒன்று போகிறது. ஓடை அப்படி நேராக ஓடுமா? யாரோ வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து உழவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கோடு முடியும் இடத்தில்தான் உன் குளம்! ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளும் அந்தப் பக்கம் சரிவு என்றே காட்டுகின்றன. எனக்கென்னவோ குளமும் வாய்க்காலும் ஒரே வேலையாகத்தான் தோன்றுகிறது.

எந்த ஆண்டு என்பதுதான் பாக்கி. நீ ஸ்கேன் செய்தபோது கீழ் ஓரத்தை வெட்டிவிட்டாய். அளந்த ஆண்டு அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். ஓரத்தோடு மறுபடி அனுப்பு. இப்போது எனக்குப் பொடி எழுத்தும் தெரிகிறது.

அன்புடன்,
உன் நண்பன்