மறுப்புச் செய்திக்கும் இடம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து, சென்ற ஆண்டு ஓய்வுபெற்றவன் நான். தங்கள் நாளிதழில் வரும் அறிவியல் செய்திகளைக் கத்தரித்து ஒரு நீளக் கணக்கு நோட்டில் ஒட்டி வைப்பதும், நகல் எடுத்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பதும் என் நெடுநாள் பழக்கம். அந்த நோட்டை அண்மையில் புரட்டிப் பார்த்தபோது எழுந்த ஒரு குறையைச் சொல்லவே இக்கடிதம்.

2023 ஜூலை இறுதியில், தென்கொரிய ஆய்வாளர்கள் சாதாரண அறை வெப்பநிலையிலேயே மின்தடை சிறிதுமின்றி மின்சாரத்தைக் கடத்தும் பொருளொன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகப் படத்தோடு செய்தி வெளியிட்டிருந்தீர்கள். எல்.கே-99 என்பது அதன் பெயர். ஈயச் சேர்மம் ஒன்றில் தாமிரத்தைக் கலந்து உருவாக்கியது. 1911-இல் டச்சு இயற்பியலாளர் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தை 4.2 கெல்வின் (ஏறத்தாழ மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) வரை குளிர்வித்து, மின்தடையின்றிக் கடத்தும் இந்த ‘மீக்கடத்துத் திறனை’க் கண்டறிந்த நாள் முதல் இயற்பியலாளர்கள் தேடிவரும் பொருள் இது. ஸ்கேன் மையங்களில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் மீக்கடத்திக் காந்தச் சுருளைக் குளிர்விக்க இன்றும் பெரும்பாலும் திரவ ஹீலியம் தேவைப்படுகிறது என்பதை நினைத்தால், செய்தி வந்த அன்று நானே முதல் ஆளாகப் பலகைக்கு ஓடியதன் காரணம் விளங்கும்.

மீக்கடத்தி காந்தத்தை விலக்கி அதன் மேல் மிதக்கும் என்பதால் அதையே சான்றாகக் காட்டியிருந்தார்கள். படத்தில் ஒரு கறுப்புக் கல் துண்டு காந்தத்தின் மேல் சாய்வாக எழும்பி நின்றது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதையே வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சார், மிதக்குதுன்னு போட்டிருக்காங்க, ஆனா ஒரு ஓரம் காந்தத்தைத் தொட்டுக்கிட்டே இருக்கே?” என்றான். என்னிடம் அப்போது விடை இல்லை. ஆனால் அந்த ஓரம்தான் விஷயமே என்பது சில வாரங்களில் தெரிந்துவிட்டது. இரும்பைப் போன்ற காந்தத்தன்மை சிறிதளவு கலந்திருந்தாலே ஒரு துண்டு அப்படிச் சாய்ந்து நிற்கும். அதற்கு மீக்கடத்தி தேவையில்லை. புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அப்பொருளைத் தானே தயாரித்துப் பார்த்து, மீக்கடத்துத் திறன் இல்லை என்று சில நாட்களிலேயே அறிவித்தது. ஏறத்தாழ 104 டிகிரி செல்சியஸில் மின்தடை சட்டென வீழ்ந்ததாகக் கொரியர்கள் காட்டியிருந்த வரைபடத்தைக் கண்ட இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயினுக்கு, அந்த எண் ஏற்கெனவே பழக்கமானதாகத் தோன்றியது. தயாரிப்பின்போது கழிவாக உண்டாகும் தாமிர சல்ஃபைடு, அதே வெப்பநிலையில் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுகிறது. வீழ்ந்தது அதன் மின்தடைதான். ஆகஸ்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் அந்தக் கழிவே கலவாத தூய படிகங்களை வளர்த்துப் பார்த்தனர். ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும்படி அமைந்த அப்படிகங்கள் பல லட்சம் ஓம் மின்தடை கொண்டவையாக, மின்சாரத்தைக் கடத்தவே மறுப்பவையாக இருந்தன.

ஆசிரியர் அவர்களே, அந்த ஆகஸ்ட் மாத இதழ்கள் முழுவதையும் பள்ளி நூலகத்தில் தேடினேன். இவற்றில் ஒரு வரிகூடத் தங்கள் நாளிதழில் இல்லை. மாணவனுக்கான விடையை ஆங்கில இதழ்களிலிருந்து திரட்டித்தான் சொன்னேன். ஒரு கழிவுப் பொருள் எப்படி ஆய்வாளரை ஏமாற்றும், அந்த ஏமாற்றத்தை வேறு ஊர்க்காரர்கள் எப்படி அவிழ்ப்பார்கள் என்பதைவிடச் சிறந்த பாடம் என் முப்பத்தொரு ஆண்டுகளில் எனக்கு வாய்த்ததில்லை. அது தமிழில் அச்சாகவில்லை. அதே ஆண்டு நவம்பரில், அறை வெப்பநிலை மீக்கடத்தி பற்றிய வேறொரு கட்டுரையை, அதை எழுதியவர்களில் எட்டுப் பேரே கேட்டுக்கொண்டதால் ‘நேச்சர்’ இதழ் திரும்பப் பெற்றது. மார்ச்சில் அக்கட்டுரை வந்தபோதைய செய்தி என் நோட்டில் இருக்கிறது. திரும்பப் பெற்ற செய்தி இல்லை.

மருத்துவச் செய்தியில் இந்தக் குறை வீட்டுச் சமையலறை வரை வந்துவிடுகிறது. 2023 ஜூலையிலேயே, ‘செயற்கை இனிப்பால் புற்றுநோய்’ என்ற தலைப்பைப் படித்துவிட்டு, சர்க்கரை நோயாளியான என் அக்கா காபியில் போடும் அஸ்பார்டேம் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் சீனிக்கே திரும்பிவிட்டார். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது ‘ஏற்படுத்தக்கூடும்’ என்பது மட்டுமே. முழுக் கற்றாழை இலையின் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அதே நாளில் மற்றொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்று கூறியது. அக்காவின் எடை 60 கிலோ; குப்பைக் கூடையிலிருந்து டப்பாவை எடுத்துப் பார்த்தேன், மாத்திரை ஒன்றுக்கு 18 மில்லிகிராம் என்றிருந்தது. வரம்பைத் தொட நாளொன்றுக்கு 130 மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டும். அவர் போடுவது நான்கு. இந்தக் கணக்கைச் செய்தியோடு சேர்த்துப் போட மூன்று வரி போதும்.

நம் ஊர்ப் பெருமை என்றால் தலைப்பு இன்னும் பெரிதாகிவிடுகிறது. கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் (கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணிய கார்பன் குழல்கள்) இருப்பதை 2020-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டது உண்மையிலேயே வியப்புக்குரியது. பூச்சில் சேர்த்த தாவரச் சாறு சூளை வெப்பத்தில் அவ்வாறு மாறியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. குயவர் நெடுங்காலம் உழைக்கும் பூச்சை அறிந்திருந்தார் என்பதற்கும், நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார் என்பதற்கும் உள்ள தொலைவைத் தலைப்பு எழுதுகிறவர் தாண்டிக் குதிக்கக் கூடாது.

ஆரவாரமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. 2024-இல், ஆண்டுக்கு இருமுறை மட்டும் போடும் லெனகாபவிர் ஊசி, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவிடவில்லை என்ற முடிவு வெளியானது. தினமும் தடுப்பு மாத்திரை விழுங்கிய மற்ற இரு குழுக்களிலும் சேர்த்து 55 பேருக்குத் தொற்றியிருந்தது. முதல் பக்கத்துக்கே உரிய செய்தி. தாங்கள் ஒன்பதாம் பக்கத்தில் கீழ் மூலையில் போட்டீர்கள்.

ஆகவே, ஒவ்வோர் ஆய்வுச் செய்தியிலும் அது எலியிடம் செய்ததா மனிதரிடமா, எத்தனை பேரிடம், பிற ஆய்வாளர்கள் சரிபார்த்த பின் வந்ததா அதற்கு முன்பே இணையத்தில் ஏற்றியதா என்பதை ஒரு வரியில் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். முன்பு வெளியிட்ட கண்டுபிடிப்பு பின்னர் பொய்த்துப் போனால், அதே பக்கத்தில், அதே அளவில் அதையும் வெளியிட வேண்டும். எல்.கே-99 பற்றிய பழைய செய்தியின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதற்கான மறுப்பை இப்போது வெளியிட்டாலும் ஒட்டிக்கொள்ள நோட்டில் எதிர்ப்பக்கத்தை விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியர்,
தென்காசி மாவட்டம்.