மூன்றாவது கம்பி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். வெள்ளையடிக்கிற வேலையும் முடிந்தது. புதிதாக ஒன்று உண்டென்றால், என் கிட்டாரை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒரு மணி நேரம், அமெரிக்கக் கண்ட்ரி இசையின் பழைய லிக்குகளைப் பழகுகிறேன்.

நம் சங்கீதத்தில் 'பிடி' என்கிறோமே, லிக் என்பது ஏறக்குறைய அதுதான். இரண்டு விநாடிதான் வரும். அதற்குள் பாட்டு எந்த ஊர்க்காரன் என்று சொல்லிவிடும்.

ஒரு புத்தகமும் அதோடு வந்த சிடியும்தான் வாத்தியார். முதல் பாடம், கிட்டார் கலைஞர் லெஸ்டர் ஃப்ளாட் பெயரில் வழங்கும் ஜி ரன் என்கிற லிக். எண்ணெல்லாம் ஃப்ரெட், அதாவது வீணையின் மெட்டு மாதிரி; 0 என்றால் அழுத்தாத கம்பி. ஆறாவது கம்பியில் 3, ஐந்தாவதில் 0, 1, 2, நான்காவதில் 0, 2, கடைசியாக மூன்றாவதில் 0. ஏழே ஸ்வரம். அன்று மாலைக்குள் விரலுக்கு வந்துவிட்டது, ஆனால் சிடியில் கேட்டது வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டபிறகுதான் பிடிபட்டது. ஐந்தாவது கம்பியில் 1-லிருந்து 2-க்குப் போகிற இடத்தில் சாதாரண காந்தாரத்தைத் தொட்டு அந்தர காந்தாரத்தில் நிற்கிறார்கள். அந்த இரண்டாவது ஸ்வரத்தைத் தனியாக மீட்டாமல் இடது விரலைத் தட்டியே எழுப்புகிறார்கள். கண்ட்ரியின் வாசனையே அங்கேதான் இருக்கிறது. நான் இரண்டையும் மீட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒரு மாதமாக, மிதிகளால் கம்பியின் சுருதியை மாற்றுகிற பெடல் ஸ்டீல் கிட்டார் மாதிரி ஒலிக்கிற ஒரு லிக்கோடு போராட்டம். முதல் இரண்டு கம்பியிலும் 8-ஆம் ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, மூன்றாவது கம்பியின் 7-ஆம் ஃப்ரெட்டை ஒரு முழு ஸ்வரம் இழுக்கவேண்டும். டி என்கிற ஸ்வரம் ஏறி ஈ ஆகிறபோது சி கார்டு, அதாவது மூன்று ஸ்வரமும் சேர்ந்த ஒலி, பூப்போல மலரும். மற்ற இரண்டும் அசையாமல் நிற்க ஒன்று மட்டும் ஏறுகிறது, அதுதான் அழகு. உன் அம்மா வீணையில் ஒரே மெட்டில் கம்பியை இழுத்து அடுத்த ஸ்வரத்தைக் கொண்டுவருவார்களே, அதே வேலை. எனக்குச் சுருதி கொஞ்சம் குறைவாகவே நின்றுகொண்டிருந்தது. இப்போது முதலில் 9-ஆம் ஃப்ரெட்டை மீட்டி, ஈ-யை வாய்விட்டுப் பாடிவிட்டு, அப்புறம் இழுக்கிறேன். காது போய்ச் சேர்ந்த இடத்துக்கு விரல் போய்விடுகிறது.

கம்பியும் மெல்லியதாக இருக்கவேண்டும். அந்தக் காலத்து செட்டில் மூன்றாவது கம்பி சுருள் சுற்றியது, லேசில் வளையாது. லூசியானாவைச் சேர்ந்த ஜேம்ஸ் பர்ட்டன் மெல்லிய பாஞ்சோ கம்பியைக் கிட்டாரில் போட்டு வாசித்தார். வலது கையில் பிக் என்கிற மீட்டும் தகட்டோடு நடுவிரலையும் சேர்த்து, கம்பியைச் சுண்டிவிட்டு உடனே அடக்குவார். கோழி கொக்கரிப்பது போலக் கேட்கும். அதைப் புத்தகம் ஒரு பெருக்கல் குறியாகப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது!

கிட்டார் மேதை செட் அட்கின்ஸ் கதை தெரியுமா? ஜார்ஜியாவில் இருந்த பையன், சின்சினாட்டி வானொலியில் மெர்ல் டிராவிஸ் வாசிப்பதைக் கேட்டிருக்கிறான். டிராவிஸ் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டுமே வைத்து வாசித்தவர். இவனுக்கு அது தெரியாது. இவ்வளவு ஒலிக்கு இரண்டு விரல் போதாதென்று நினைத்து, பெருவிரலோடு வேறு விரல்களையும் சேர்த்துப் பழகினான். அதுவே அவன் பாணியாயிற்று. அந்தப் பையன் கையில் ஒரு புத்தகம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அதனால் இப்போது சிடியை மூன்று நாள் கேட்டு, நானாகத் தேடிப் பார்த்தபிறகுதான் பக்கத்தைத் திறக்கிறேன்.

உன் சித்தப்பா வீட்டு ரெக்கார்ட் பிளேயரில் 33⅓ தட்டை 16⅔ வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டோமே, நினைவிருக்கிறதா? பாதி வேகம், ஒரு ஸ்தாயி கீழே, பாடகர் குரல் கிணற்றிலிருந்து வரும். இப்போது சுருதி குறையாமலே வேகத்தைக் குறைக்கிறது கைபேசி. ஆனாலும் அன்று கேட்டமாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேனா என்றால், இப்போதுதான் மறுபடி அப்படிக் கேட்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது உன் கிட்டாரையும் எடுத்துவா. நீ சி, எஃப், ஜி கார்டுகள் மூன்றையும் நிதானமாக அடித்துக்கொண்டிரு, மேலே நான் வாசிக்கிறேன். மூன்றாவது கம்பி துருப்பிடித்திருந்தால் அங்கே புதிதாக வாங்காதே. சுருள் சுற்றாத கம்பி என்னிடம் இரண்டு இருக்கிறது.

அன்புடன்,
ரகு