1940-இல் பேரி ஆலன் ஏது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், அமெரிக்கக் காமிக்ஸின் அதிவேக வீரர் ஃப்ளாஷ் பற்றிய கட்டுரையில், '1940-இல் மின்னல் தாக்கி அதிவேகம் பெற்ற பேரி ஆலன்' என்று ஒரு வரி. 1940-இல் பேரி ஆலன் ஏது ஐயா? அவர் இரண்டாவது ஃப்ளாஷ்; வந்தது 1956 அக்டோபர் தேதியிட்ட 'ஷோகேஸ்' காமிக்ஸின் நான்காம் இதழில். 1940-இல் ஃப்ளாஷாக ஓடியவர் ஜே கேரிக். கல்லூரி மாணவர். இரவில் ஆய்வுக்கூடத்தில் சிகரெட் பிடிக்கப்போய், ரசாயன ஆவியைச் சுவாசித்து வேகம் பெற்றவர். மின்னலும் கிடையாது, முகமூடியும் கிடையாது. தலையில் இறக்கை வைத்த உலோகத் தொப்பி. எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ், வரைந்தவர் ஹாரி லாம்பர்ட். தங்களுக்குத் தெரியாததையா சொல்லிவிட்டேன்? பேரி ஆலனே ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஜே கேரிக்கின் பழைய காமிக்ஸைப் படித்து முடித்த கையோடுதான் மின்னல் வந்து விழுகிறது. கதாநாயகனுக்குத் தெரிந்த சரித்திரம் கட்டுரையாளருக்குத் தெரியவில்லை.

போகட்டும், படமாவது சரியா? கட்டுரைக்கு நடுவே அரைப்பக்கத்துக்கு ஃப்ளாஷ் கார்டன்! அவர் 1934-இல் அலெக்ஸ் ரேமண்ட் உருவாக்கிய விண்வெளி வீரர். எங்கே போவதானாலும் அவருக்கு ராக்கெட் வேண்டும்.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. 2023-இல் ஃப்ளாஷ் திரைப்படம் வந்தபோது, பல பிரபஞ்சங்கள் என்பது 'இன்றைய ஹாலிவுட்டின் புதுச்சரக்கு' என்று எழுதினீர்கள். 1961 செப்டம்பரிலேயே 'ஃப்ளாஷ்' 123-ஆம் இதழில் அந்தச் சரக்கு இறங்கிவிட்டது. குழந்தைகளுக்கு வித்தை காட்ட மேடையேறும் பேரி, உடலை அதிரவைத்து மறைந்து, ஜே கேரிக் வாழும் இன்னொரு பூமியில் போய் நிற்பார். அங்கே நடப்பதெல்லாம் ஃபாக்ஸின் கனவில் வந்துதான் இங்கே காமிக்ஸ் ஆனது என்று கதையிலேயே ஒரு சமாதானமும் உண்டு. எழுதியவரும் அதே ஃபாக்ஸ்தான்! என்ன துணிச்சல் பாருங்கள்.

அந்த இதழ் என் பீரோவில் இருக்கிறது, மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டையில் நடுவே ஒரு சுவர். மேலிருந்து விழும் இரும்பு உத்தரத்துக்குக் கீழே ஒரு மனிதர் அலற, சுவருக்கு இருபுறமும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு ஃப்ளாஷ்கள் ஓடிவருகிறார்கள். வரைந்தவர் கார்மைன் இன்ஃபன்டினோ. நிற்கிற காகிதத்தில் வேகத்தைக் காட்ட, ஒரே கட்டத்துக்குள் ஒரே ஆளை வரிசையாகப் பல தடவை வரைந்து காட்டிய மனிதர். இரண்டு பக்கக் கட்டுரையில் அவர் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. நடிகர் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று தாங்களே எண்ணிப் பாருங்கள்.

மூர் மார்க்கெட் எரிந்த அதே 1985-இல்தான் கதையில் பேரி ஆலனையும் கொன்றார்கள். எனக்கு அந்த வருடமே சரியில்லை. அது தங்களுக்கு வேண்டாத கதை.

திரைப்பட விமர்சனம் வந்தபோதே இதையெல்லாம் விளக்கி எழுதியிருந்தேன். 'இதழ் அருமை' என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டுக் கௌரவித்தீர்கள். மீதி எங்கே போயிற்று? காமிக்ஸ் என்றாலே சின்னப் பிள்ளைகள் சமாசாரம், யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. கிரிக்கெட்டில் ஒருவர் எடுத்த ரன்னை இன்னொருவர் கணக்கில் எழுதுவீர்களா?

இன்னொன்று. சூப்பர்மேனை ஃப்ளாஷ் 'தோற்கடித்த' 1967 பந்தயம் என்கிறார் கட்டுரையாளர். 'சூப்பர்மேன்' 199-ஆம் இதழில் நடந்த அந்த முதல் பந்தயத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. சூதாட்டக் கும்பல்கள் பணம் கட்டியிருப்பது தெரிந்து, இருவரும் பேசிவைத்துக்கொண்டு சேர்ந்தே கோட்டைத் தொட்டார்கள். கதையின் சுவையே அதுதான்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தமும், தொப்பியோடு ஜே கேரிக்கின் ஒரு சிறு படமும் போட்டால் போதும். இடம் இல்லையென்றால் ராசிபலனில் என் ராசியை எடுத்துவிடுங்கள். எப்படியும் இதழ் என் கைக்கு வருவதற்குள் வாரம் முடிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
காட்பாடி.