கூடப் போன படகுகள்

என் பங்கு மக்களுக்கும், நான் முகம் பார்த்திராத லட்சத்தீவுக்காரர்களுக்கும்,

ஓகிப் புயல் ஓய்ந்தபோதே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. போன வாரம் என் மூத்த மகன் கொச்சியிலிருந்து முதல் தங்கலுக்கு, நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருக்கிறான். துறைமுகம் தாண்டும்போது போனில் பேசினான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். உங்கள் நினைவுதான் வந்தது.

2017 நவம்பர் 30. குமரி மாவட்டத்தில் எங்கள் தூத்தூர்க் கரையில் தென்னைகள் முறிந்து விழுந்த அன்று, என் வீட்டுக்காரர் சூரையும் சுறாவும் தேடி ஆழ்கடலில் இருந்தார். போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. எச்சரிக்கை வந்த நேரத்தில் அந்தத் தொலைவுக்கு எங்கள் வயர்லெஸ் எட்டவில்லை. பதினொரு நாள் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

கோயில் முற்றத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளே, உங்களுக்கு நன்றி. படகின் பெயர், ஆளின் பெயர், கடைசியாகப் பேசிய நாள் என்று எழுதி, கேரளம் முதல் குஜராத் வரை துறைமுகம் துறைமுகமாகப் போன் போட்டீர்கள். தகவல் இல்லாத நாளிலும் வீடு தேடி வந்து, "இன்னைக்கும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். டிசம்பர் 7 அன்று காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறையில் எல்லோரும் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது, என் கைக்குழந்தையை மடியில் வாங்கிக்கொண்ட அக்கா, உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அந்த நாட்களில் நான் செய்தது செபமே இல்லை, பேரம். வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன், கம்மலைக் கழற்றித் தருகிறேன், அவரை மட்டும் கொண்டுவந்து விடு மாதாவே என்று கெஞ்சினேன். போன் அடித்தால் எடுக்கப் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

பக்கத்து வீட்டு மாமியின் மகனும் வேறொரு படகில் போயிருந்தான். ஆனாலும் தினமும் அந்திக்கு என் வீட்டுக்கு வந்து, எனக்கு ஒரு வாய் கஞ்சியாவது கொடுத்துவிட்டுத்தான் போவார். ஒருநாள், கடலில் புயல் அடிக்க இயேசு படகில் தூங்கிக்கொண்டிருந்த பகுதியை மாற்கு நற்செய்தியில் எடுத்து வாசித்தார். பாதியில் நிறுத்தி, "மக்கா, இதைப் பாத்தியா? வேற படகும் அவரு கூடப் போச்சுன்னு எழுதியிருக்கு" என்றார். எத்தனையோ பூசையில் கேட்ட பகுதிதான். அந்த வரி என் காதில் விழுந்ததே இல்லை. அன்று ராத்திரி முதன்முறையாக மாமியின் மகனுக்காகவும், நோட்டில் இருந்த எல்லாப் பெயர்களுக்காகவும் செபித்தேன். பயம் போய்விடவில்லை. ஆனால் அன்று தூங்கினேன். மறுநாள் எழுந்து பிள்ளைகளுக்குச் சோறாக்கினேன்.

பதினோராவது நாள் லட்சத்தீவிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. இன்ஜின் நின்று, காற்று இழுத்த பக்கமெல்லாம் அலைந்து ஒரு தீவில் ஒதுங்கியிருந்தார்கள். அந்தத் தீவின் மக்களே, உங்கள் தென்னைகளும் படகுகளும் அதே புயலில் போயின. அந்த நேரத்திலும் எங்கள் ஆட்களுக்கு உடுத்தத் துணியும் சுடுசோறும் தந்தீர்கள். "பள்ளிவாசல்ல தொழுதுட்டு வந்து நமக்கும் சேத்து துவா செஞ்சதா சொன்னாவ" என்று அவர் இன்னமும் சொல்கிறார். அந்த ஒரு வாரச் சோற்றுக்கு நான் என்ன பதில் செய்ய முடியும்!

மாமியின் மகன் வரவில்லை. என் செபம் பலித்தது, அவர் செபம் பலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் என்னால் தாங்க முடியாது. அவருடைய விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த நாட்களைத் தாண்டினேன். மாமி, உங்களுக்கு எப்படி நன்றி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை வருடம் தள்ளிப்போட்டேன்.

இன்றும் ஏழு மணிக்கு மாமி செபமாலையோடு வருவார். எங்கள் தெருவிலிருந்து இப்போது ஒன்பது படகுகள் கடலில் இருக்கின்றன. முதலில் மற்ற எட்டின் பெயரையும் வாசிப்போம். பிறகு என் மகன் போன படகின் பெயரைச் சொல்வோம்.

நன்றியுடன்,
உங்கள் கடற்கரைச் சகோதரி