மாடி ஏறுன அத்தையும் டீக்கடை அண்ணாச்சியும்

ஏலே மாப்ள,

ஷார்ஜால வெயில் கொறஞ்சிட்டா? உன் வாய்ஸ் மெசேஜ் மூணையும் கேட்டேன், மைக்கை அமுக்கிட்டே பேசுறதுக்கு எனக்கு இன்னும் கூச்சமா இருக்கு, அதான் டைப் பண்ணுதேன். அம்மைக்கு முட்டுவலி அப்படியேதான். சின்னவ பாளையங்கோட்டைல விஸ்காம் சேந்துட்டா, மீடியா படிப்பு.

அவ புக்கை போன வாரம் கரண்டு இல்லாதப்ப சும்மா பொரட்டுனேன், பாத்தா நம்ம டீக்கடை அண்ணாச்சி அதுல இருக்காரு! பேரு இல்ல, ஆளு அவருதான். 1940ல அமெரிக்கால ஒஹையோ பக்கம் எலக்‌ஷன் நேரத்துல லாசர்ஸ்ஃபெல்டுன்னு ஒருத்தரும் அவரு ஆளுகளும் 600 பேரை மாசாமாசம் போய்க் கேட்டிருக்காவ, ரேடியோவும் பேப்பரும்தான் ஓட்டை மாத்துதுன்னு நெனச்சிப் போனா, ஜனங்க காது குடுத்தது தெரிஞ்ச ஆளு பேச்சுக்குத்தான். பேப்பர்ல இருந்து விவரமான ஒருத்தருக்கு, அவர்ட்ட இருந்து மத்தவங்களுக்கு, ரெண்டு படியா எறங்குதாம். 1955ல கட்ஸ்ங்கறவரோட சேந்து இதுக்குன்னே ஒரு புக்கு போட்டிருக்காரு. நம்ம அண்ணாச்சி காலைல பெஞ்சுல ஒக்காந்து தினத்தந்திய சத்தமா வாசிப்பாரே, அதேதாம்ல. அதுவும் எல்லாத்தையுமா வாசிப்பாரு, "இது சும்மா எழுதிருக்கான்"னு பக்கத்தைத் திருப்பிருவாரு. அதுக்கும் பேரு இருக்கு, கேட்கீப்பராம், வாசல்ல நின்னு எதை உள்ள விடணும்னு பாக்குற ஆளு. ஒரு பேப்பர் ஆபீஸ்ல எடிட்டர் ஒரு வாரத்துல தள்ளுன நியூஸை ஒயிட்டுன்னு ஒருத்தர் எண்ணிப் பாத்து 1950ல எழுதிருக்காரு, பத்துல ஒம்பது குப்பைக்கு.

இப்ப ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காத. 2023 டிசம்பர் வெள்ளத்தப்போ, ராத்திரி, கரண்டு இல்ல, டவர் வருது போகுது, அந்த நேரம் பாத்து அணை ஒடைஞ்சிட்டுன்னு ஒரு ஃபார்வேர்டு. ரெட்டை அம்புக்குறி போட்டு, பல தடவை அனுப்புனதுன்னு அதுவே சொல்லுது. ஒரு தடவைக்கு ஒரு எடத்துக்குத்தான் போவும்னு வாட்ஸ்அப்புக்காரன் 2020லயே கட்டை போட்டிருக்கான் பாரு, நான் மெனக்கெட்டு மூணு தடவை அனுப்புனேன். அத்தை அந்த மழைல பேரனைத் தூக்கிட்டு மொட்டைமாடி ஏறிட்டா. தண்ணி வாசப்படியோட நின்னுட்டு, அணைக்கு ஒண்ணும் ஆவல. மறுநா போய் நின்னா, ஒத்த வார்த்தை திட்டல, "நீ அனுப்புனா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்யா"ன்னா. அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

புக்குல உள்ளது பூராம் இன்னைக்கும் சரியாத்தான் இருக்கு மாப்ள, அத்தை நம்புனது வாட்ஸ்அப்பை இல்ல, என்னையத்தான். அண்ணாச்சி தப்பா வாசிச்சா மறுநா அதே பெஞ்சுல நாம ஓட்டுவோம், அந்த பயம் அவருக்கு இருந்துச்சி, அதனால திருப்புனாரு. நான் ஒரு பக்கத்தையும் திருப்பல.

அத்தை இப்ப நான் எது அனுப்புனாலும் அம்மைக்குப் போன் போட்டு "நெசமாவா"ன்னு கேக்கா.

நேத்து வாட்ஸ்அப் சாட்டைப் பின்னாடி தள்ளிப் பாத்தேன், அன்னைக்கு அதை எனக்கு அனுப்புனது நீதாம்ல. உனக்கு யாரு அனுப்புனா?